மருதந்துறையில் இந்த நாள்

நமச்சிவாயம் சார்வாளை நான் வாய்க்கு வந்தபடி பேசினதுனாலதான் எங்க ஊருக்கு அந்த வெள்ளம் வந்ததுன்னு இன்னைக்கும் சில பேரு சொல்லுதாக. சொல்லிட்டுப் போகட்டும், பேசினது உள்ளதுதான், பேசினதுக்கு எனக்கு வருத்தமும் கிடையாது. மருதந்துறை பஸ் ஸ்டாண்டுல, படித்துறைக்கு இறங்குற பாதை முனையில என் பூக்கடை, அதுக்கு எதுத்தாப்புல வாசகசாலை, வாசகசாலைச் சுவத்துல ஒரு கரும்பலகை, அந்தப் பலகையில பள்ளிக்கூடத்து வேலையில இருந்து ரிட்டயர்டு ஆன அந்த மனுசன் தினமும் காலையில ‘வரலாற்றில் இன்று’ன்னு கொட்டை எழுத்துல தலைப்புப் போட்டு, இந்த நாள்ல பிரான்சு தேசத்துல இன்னார் பொறந்தார், இந்த நாள்ல துருக்கியில இன்னார் தோத்தார், இந்த நாள்ல ஒருத்தன் பலூன்ல பறந்தான்னு எழுதி வைப்பாரு. நானும் பிச்சிப்பூவைக் கட்டிக்கிட்டே அதை எழுத்துக்கூட்டி வாசிச்சு வாசிச்சுச் சலிச்சுப்போய், தீவாளி கழிஞ்ச ஒரு நாள், வியாபாரம் வேற மந்தம், வாயை அடக்க முடியாமக் கேட்டுப்புட்டேன்.

“ஏன் சார்வாள், ஒலகத்துல எவனோ தும்மினது இருமினதெல்லாம் எழுதுதீகளே, நம்ம ஊர்ல இந்த நாள்ல ஒரு எழவும் நடக்கலையா? இங்க மனுசரே பொறக்கலையா, சாகலையா?”

சார்வாள் கையில இருந்த சாக்பீஸ் தூசியைத் தட்டிட்டு, “வரலாறுன்னா பெருசா நடக்கணும் செல்லக்கிளி. இங்க என்னத்த நடந்திருக்கு?”ன்னாரு.

மறுநாள் காலையில வெள்ளம் வந்திச்சி.

வானத்துல ஒரு பொட்டு மேகம் கிடையாது, ஆத்துல கணுக்கால் தண்ணி, வெயில் சுள்ளுன்னு அடிக்குது, அப்படி இருக்கையில படித்துறைப் பக்கமிருந்து ஒரு இரைச்சல் கேட்டு, என்னடான்னு திரும்புறதுக்குள்ள செக்கச்செவேல்னு தண்ணி படியேறி, பாதையேறி, பஸ் ஸ்டாண்டுக்குள்ள நுழைஞ்சு, என் முழங்காலுக்கு வந்து, இடுப்புக்கு வந்து, கழுத்துக்கு வந்து நிக்குது. வைக்கப்போரு ஒண்ணு மிதந்து வருது, அது மேல ஒரு கோழி நிக்குது, கூரையோட கூரையா ஒரு தொட்டில் போகுது, சனங்க ஐயோ ஐயோன்னு பஸ் மேல ஏறுதாக, கண்டக்டர் விசில் ஊதுதாரு, நான் முருகா முருகான்னு கத்துதேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் பாத்தேன், என் சேலை நனையல. தட்டுல பூ அப்படியே இருக்கு. தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு மூச்சும் விட்டுக்கிட்டு இருக்கேன்.

“வே, இது தொண்ணூத்திரண்டு வெள்ளம்லா!”ன்னு யாரோ ஒருத்தர் கத்தினாரு. அப்பத்தான் டீக்கடைச் சுப்பையா, அடுப்புல பால் பொங்கி வழிய வழிய விட்டுட்டு, கடையை விட்டுக் குதிச்சு ஓடினாரு. அந்த வெள்ளத்துல போன அவரு தம்பி, போனப்ப இருந்த அதே வயசுல, அதே அரைக்கால் டவுசரோட, தண்ணியோட தண்ணியா வாரான். “தம்பி, கையைக் குடுடா”ன்னு இவரு கட்டிப்பிடிக்கப் போறாரு, கை ரெண்டும் காத்தைப் பிடிச்ச மாதிரி கூடிப்போகுது, அவன் இவரு நெஞ்சுக்குள்ளேயே புகுந்து முதுகுப் பக்கமா வெளிய வந்து, பாலத்துப் பக்கம் போயிட்டான். பொழுது சாய வெள்ளம் வடிஞ்சிச்சி. ரோடு காஞ்சு கிடந்திச்சி. சுப்பையா மட்டும் ரோட்டு நடுவுல உக்காந்திருந்தாரு, பஸ்ஸெல்லாம் அவரைச் சுத்திப் போச்சு.

அதுல இருந்து இப்படித்தான். எந்த நாள்ல எங்க ஊர்ல என்ன நடந்ததோ, அந்த நாள் திரும்ப வந்தா அது திரும்ப நடக்கும். பாக்கலாம், கேக்கலாம், தொட முடியாது, அவியளுக்கு நம்மளைத் தெரியாது. ஏன் நடக்குன்னு கொஞ்ச நாள் பேசினோம், அப்புறம் விட்டுட்டோம், மழை ஏன் பெய்யுதுன்னா தினமும் கேட்டுக்கிட்டு இருக்கோம்? டிரைவர்மாரு மொதல்ல அந்தக் காலத்து மாட்டுவண்டிக்கெல்லாம் ஆரன் அடிச்சுப் பாத்து, பிறகு அதுக்குள்ள பஸ்ஸை விட்டு ஓட்டப் பழகிட்டாக. ஜனவரி கடைசியில ஒரு நாள் சாயங்காலம் சுப்பையா கடை இருந்த எடத்துல ஒரு ஓலைக்கடையும் ஒரு ரேடியோவும் வந்து, அதைச் சுத்தி வேட்டி கட்டின சனம் பேச்சுமூச்சில்லாம நின்னு, காந்தியைச் சுட்டுட்டாகன்னு சேதி கேட்டு தலையில அடிச்சு அழுதாக. அவியகூடச் சேந்து நாங்களும் அழுதோம், நேத்துத்தான் சுட்ட மாதிரி. மறுநாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக பரீச்சையில அந்தத் தேதியை ஒருத்தரை ஒருத்தர் பாக்காம எல்லாரும் சரியா எழுதிச்சு.

சார்வாளுக்கு ஒரே சந்தோசம். பலகையில இப்ப நம்ம ஊரு சங்கதி மட்டும்தான் எழுதுவாரு. சுதந்திர நாள் வருதுன்னு முந்தின நாளே எழுதிட்டாரு: ‘நாளை காலை, நமது பள்ளி மைதானத்தில், நாற்பத்தேழாம் ஆண்டின் முதல் கொடியேற்றம். ஊர் மக்கள் அனைவரும் பேதமின்றி மகிழ்ந்த நாள்.’ முப்பது வருசமா பிள்ளைகளுக்கு அவரு அப்படித்தான் பாடம் நடத்தினாரு, நானும் அதைக் கேட்டு வளந்தவதான். எல்லாரும் குளிச்சு முழுகிப் போய் நின்னோம். கொடி ஏறிச்சு, பாட்டுப் பாடினாக, மிட்டாய்த் தாம்பாளம் வந்திச்சி. கீழத்தெருப் பிள்ளைக மட்டும் கம்பி வேலிக்கு வெளிய நின்னு வேலியைப் பிடிச்சுக்கிட்டுப் பாக்குதுக. தாம்பாளத்தோட போன ஆளு வேலிக்கு எட்டவே நின்னுக்கிட்டு, கோழிக்குத் தீவனம் போடுத மாதிரி மிட்டாயை அள்ளி வீசுதாரு, பிள்ளைக புழுதியில விழுந்து பொறுக்குது. அந்த ஆளு யாருன்னு முகச்சாடையிலயே எல்லாருக்கும் தெரிஞ்சிச்சி, சார்வாளோட அப்பாதான். இந்தப் பக்கம் நிக்கிற கீழத்தெருக்காரங்க, பொறுக்கின பிள்ளைகளோட பேரன் பேத்திக, சார்வாளைத் திரும்பிப் பாத்தாக. சார்வாள் விறுவிறுன்னு நடந்தாரு. வாசகசாலைக்கு வந்து பலகையைக் கையாலேயே அழிச்சாரு, சட்டையெல்லாம் சாக்பீஸ், அதுக்கப்புறம் அவரு எதுவும் எழுதல.

தேதி விசயத்துலயும் பெரிய குழப்பம் நடந்திச்சி. அரிசி மில் முதலாளி, தன் அப்பா, பெரியவரு, காலமான நாள்னு இங்கிலீசு தேதியைப் பாத்து, வீட்டு முன்னால பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, காப்பி குடுத்து ஊரையே கூட்டி உக்காத்தி வச்சாரு. சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் வரல. பெறவு ஒரு வாரம் கழிச்சுத் திதி வந்தப்ப, யாரையும் கூப்பிடாத அன்னைக்குப் பாத்து, பெரியவரு கட்டில்ல படுத்துக்கிடந்து, பெண்டாட்டி பேரு நாச்சியாருன்னு இருக்க, “ரெங்கநாயகி, ரெங்கநாயகி”ன்னு கூப்பிட்டு உசிரை விட்டது வாசல்ல காய் வாங்க வந்தவ வரைக்கும் கேட்டுப்போச்சு. அப்பத்தான் எங்களுக்கு வெளங்கிச்சு: ஊருச் சங்கதி, சர்க்கார் சங்கதி தேதிக்கு வரும், வீட்டுச் சாவு திதிக்கு வரும். அதுக்கப்புறம் திதி வந்தா ஊர்ல பாதி வீட்டுல கதவைச் சாத்திக்கிடுவாக.

இந்த நேரத்துலதான் ஆவுடைத்தங்கம் மகளுக்குக் கல்யாணம் குதிர்ந்திச்சி.

ஆவுடை எனக்குப் பக்கத்துல இட்லிக்கடை போட்டிருக்கா. அவ புருசன், மக செண்பகம் கைக்குழந்தையா இருக்கையில பம்பாய்க்கு வேலைக்குப் போனவரு, கொஞ்ச காலம் பணம் வந்திச்சி, போன் வந்திச்சி, பெறவு எதுவும் இல்ல. அங்க இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டாருன்னு பாதி ஊரு, கட்டடம் இடிஞ்சு செத்துட்டாருன்னு மீதி ஊரு. அவ ரெண்டு பேச்சுக்கும் காது குடுக்கல. காலையில தலைக்குப் பூ வாங்கி வச்சு, நெத்தி நிறையக் குங்குமம் இட்டுத்தான் அடுப்பைப் பத்தவைப்பா. அவ ஒடம்புல இருந்த தங்கம்னா அந்தத் தாலி ஒண்ணுதான், எத்தனை கஷ்டத்துலயும் அதை அடகு வச்சது கிடையாது.

மாப்பிள்ளையோட அப்பா தென்காசிக் குற்றாலிங்கம் நல்ல மனுசருதான், குத்தம் சொல்ல முடியாது. கடைக்கு வந்து, இட்லி சாப்பிட்டு, கை கழுவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாரு: “தாயி, பத்திரிகை அடிக்கக் குடுக்கணும். பிள்ளையோட அப்பா பேருக்கு முன்னால திருன்னு போடவா, தெய்வத்திருன்னு போடவா?”

ஆவுடை கரண்டியைக் கீழ வச்சா.

“நான் கேக்கல தாயி, எங்க வீட்டுப் பெரியவக கேக்காக. திருன்னா அவரு எங்கன்னு நாலு பேரு கேப்பாக. தெய்வத்திருன்னு போட்டா, பெறவு நீங்க… மணவறையில… ஆரத்தி கீரத்தி…” மனுசன் முடிக்காம எந்திரிச்சிட்டாரு. “பொரட்டாசிக்குள்ள சொன்னாப் போதும்.”

அவரு போனதும் அவ எங்கிட்ட வந்தா. “மதினி, நான் எப்படிச் சொல்லுவேன்? இருக்கிற மனுசனை நான் சாகடிச்சா பாவம். செத்த மனுசனுக்கு ஒரு வாய் தண்ணி விடாம நான் பூ வச்சுக்கிட்டுத் திரிஞ்சா அதும் பாவம். எது பாவம்னு தெரிஞ்சாப் போதும், அதைச் செய்யாம இருப்பேன்.”

“பம்பாய்ல செத்திருந்தா பம்பாய்லதானட்டி வரும். இங்க எப்படித் தெரியும்?”

“அதான் மதினி கேக்கேன்.”

எனக்கு அந்த நேரத்துல அந்தச் சொலவடை ஞாபகத்துக்கு வந்திச்சி. மறந்தவனுக்கு மாளயம். செத்த திதி மறந்து போச்சா, தெரியலையா, பொரட்டாசி மாளய அமாவாசை அன்னைக்கு எள்ளும் தண்ணியும் விட்டா, திதி இல்லாதவக எல்லாருக்கும் அதுதான் திதி. இந்தக் கூத்தெல்லாம் தொடங்கி இன்னும் ஒரு மாளயம் வரல. அன்னைக்கு என்ன வரும்னு யாருக்கும் தெரியாது. “தண்ணி விட்டுப் பாரு. அவரு செத்திருந்தா எங்க செத்திருந்தாலும் அன்னைக்கு அவருக்குன்னு ஒரு நாள் இருக்கு, ஏதாவது தெரியும். ஒண்ணும் வரலையா, திருன்னு போட்டுட்டு நெஞ்சை நிமித்திக்கிட்டு நில்லு”ன்னேன். ஊரும் அதைப் பிடிச்சுக்கிடுச்சு. டீக்கடையில, ரேசன் கடையில, கோயில் வாசல்ல இதே பேச்சு. வருவாரு, வரமாட்டாருன்னு ரெண்டு கட்சி.

மாளய அமாவாசை அன்னைக்குப் படித்துறையில நிக்க எடமில்ல. குற்றாலிங்கமும் வந்திருந்தாரு. ஆவுடை எப்பவும் போலத் தலைக்குக் குளிச்சு, பூ வச்சு, குங்குமம் இட்டு, கையில எள்ளுப் பொட்டலத்தோட படியிறங்கி வாரா. கிட்டு வாத்தியாரு, தர்ப்பையும் கையுமா உக்காந்திருந்தவரு, அவளைப் பாத்துட்டுப் பதறிப்போனாரு.

“என்னம்மா இது? பூவும் பொட்டுமா வந்து எள்ளு இறைக்கறேங்கறே! கேட்டதுண்டா, கண்டதுண்டா? இருந்தா திதி கூடாது, இல்லேன்னா பூ கூடாது. ஏதாவது ஒண்ணைத் தீர்மானம் பண்ணிண்டு வா.”

“எனக்குத் தெரியாது சாமி. தெரிஞ்சுக்கிடத்தான் வந்திருக்கேன்.”

“பொம்மனாட்டி தர்ப்பணம் பண்ற வழக்கமும் இல்லே.”

“ஆம்பளைப் பிள்ளை பெக்குறதுக்குள்ள அவரு பஸ் ஏறிட்டாரு, நான் என்ன செய்ய?”

கூட்டத்துல யாரோ சிரிச்சாக, உடனே அடங்கிட்டாக. வாத்தியாரு ஒரு மணையை அவ பக்கம் தள்ளிவிட்டு, “மறந்தவாளுக்குத்தானே மாளயம். உக்காரு. பேரைச் சொல்லு”ன்னாரு. கட்டினவரு பேரை அவ வாயால சொல்லி ஊர்ல யாரும் கேட்டதில்ல. செண்பகம் “நான் சொல்லுதேன்மா”ன்னு வந்தா. இவ வேண்டாம்னு கையைக் காட்டிட்டு, “சண்முகவேல்”னா. சொன்னதும் எங்களுக்கே ஒடம்பு கூசிச்சு. எள்ளும் தண்ணியுமா கட்டைவிரல் வழியா ஆத்துல விட்டா.

ஆத்துல ஒண்ணும் நடக்கல. பாத்தோம், பாத்தோம், கழுத்து வலிக்கப் பாத்தோம். “வரல! இருக்காரு! மனுசன் உசிரோட இருக்காரு!”ன்னு வரமாட்டாருங்கிற கட்சி கைதட்டிச்சு. ஆவுடை முகத்துல நான் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பாத்ததில்ல. மகளைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா. குற்றாலிங்கம் “திருன்னே அடிச்சிருவோம் தாயி”ன்னாரு.

அப்பத்தான் மேல பஸ் ஸ்டாண்டுல இருந்து சுப்பையா கத்தினது கேட்டிச்சி. “எல்லாரும் இங்க வாங்க! ஐயோ, இங்க வந்து பாருங்க!”

ஓடிப்போய்ப் பாத்தா, யாத்தாடி, அதை நான் எந்த வாயால சொல்ல. பஸ் ஸ்டாண்டுச் சுவர் நெடுக, கக்கூசு ஓரத்துல, தகரக்கொட்டகை அடியில, மரத்தடியில, மனுசருக மேல மனுசரா படுத்துக்கிடக்காக. சாக்கைப் போத்தின கிழவன். லாரி கிளீனர் ஒருத்தன், காலெல்லாம் ரத்தம், தெலுங்குல என்னமோ முனங்குதான். பித்துப் பிடிச்ச ஒருத்தி. துணியில சுத்தின பச்சைப் பிள்ளை ஒண்ணு, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்துல, இன்னும் அழுதுக்கிட்டு. எந்தெந்தக் காலத்துலேயோ எங்க ஊர்ல வந்து, எங்க கண்ணு முன்னால செத்து, பேரு தெரியாம, திதி தெரியாம, முனிசிபாலிட்டி வண்டியில போனவுக. ஒருத்தி தன் ஒருத்தருக்குத் தண்ணி விட்டா, அவருகூட அத்தனை பேரும் வந்துட்டாக. இவ்வளவு பேரா? நாங்க டீ குடிச்சுக்கிட்டு, பூ வித்துக்கிட்டு, பஸ்ஸுக்குச் சண்டை போட்டுக்கிட்டு இருந்த எடத்துல இவ்வளவு பேரா? இது வரைக்கும் வந்ததெல்லாம் நாங்க வேடிக்கை பாத்தது, இவுக செத்தன்னைக்கு ஒருத்தரைக்கூட நாங்க ஏறெடுத்துப் பாத்திருக்கல.

என் கடைக்குப் பின்னால, சுவர்ல சாஞ்சு ஒருத்தரு உக்காந்திருந்தாரு. தாடி நெஞ்சு வரைக்கும் சடை பிடிச்சுக் கிடக்கு, கன்னம் ஒட்டி, கண்ணு குழிஞ்சு, விலா எலும்பு எண்ணலாம் போல. அவரையே பாத்துக்கிட்டு நிக்கையில, இட்லிக்கடைப் பக்கமிருந்து ஒருத்தி வந்தா. எங்க ஆவுடைதான். இன்னைக்கு இருக்கிற ஆவுடை என் பக்கத்துல நிக்கா, அந்தக் காலத்து ஆவுடை, ஒரு முடிகூட நரைக்காம, கையில மீந்த இட்லிப் பொட்டலத்தோட வாரா, அவ முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு ரெட்டைச் சடையும் யூனிபாரமுமா சின்னச் செண்பகம் வாரா.

கடை சாத்துறப்ப மீந்ததை அங்க கிடக்கிறவுகளுக்குக் குடுக்கிறது அவ வழக்கம், இன்னைக்கும் உண்டு. குடுக்கையில முகத்தைப் பாக்கமாட்டா. முகத்தைப் பாத்துச் சோறு போட்டா வாங்குறவனுக்குக் கூச்சமா இருக்கும், தின்ன சோறு ஒட்டாதும்பா. பொட்டலத்தைத் தரையில வச்சுட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டே திரும்பிருவா. அன்னைக்கும் அப்படித்தான் வச்சா. அந்த மனுசன் அவளைப் பாக்கல, பிள்ளையைப் பாக்காரு. கண்ணெடுக்காமப் பாக்காரு. பிள்ளை பயந்து அம்மா பின்னால ஒளியுது.

“பயப்படாதட்டி”ன்னு அந்த ஆவுடை சொன்னா. “பாவம், எவ புருசனோ.”

அந்த மனுசன் பொட்டலத்தை எடுக்கக் கையை நீட்டினாரு. இடது கை. சோத்தாங்கை மடியில சும்மா கிடக்கு, பீச்சாங்கைதான் நீளுது. ஊர்ல பந்தியில உக்காந்து பீச்சாங்கையால சாப்பிட்டு எல்லார்கிட்டயும் ஏச்சு வாங்கின ஆளு ஒருத்தருதான் இருந்தாரு. என் பக்கத்துல நின்ன ஆவுடைக்குத் தொண்டையில இருந்து ஒரு சத்தம் வந்திச்சி, அது மனுசச் சத்தமாவே இல்ல.

“ஏ மூதி!” பாஞ்சு போய் அந்தச் சின்ன ஆவுடை முன்னால நின்னு கத்துதா. “திரும்புட்டி! முகத்தைப் பாருட்டி! ஒரே ஒரு தடவை முகத்தைப் பாருட்டி பாவி!” தோளைப் பிடிச்சு உலுக்கப் போறா, கை உள்ள போய் வெளிய வருது. அவ அறைஞ்ச அறையெல்லாம் காத்துலதான் விழுது. அந்த ஆவுடை பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டு, “வீட்டுப்பாடம் எழுதிட்டியா?”ன்னு கேட்டுக்கிட்டே, இவளுக்குள்ளேயே புகுந்து நடந்து போறா. கல்யாணப் பொண்ணு செண்பகம் ரோட்டுலேயே உக்காந்துட்டா. குற்றாலிங்கம் தோள்ல இருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டாரு.

அப்ப அந்த மனுசன் கூப்பிட்டாரு. குரல் இல்ல, காத்துத்தான் வந்திச்சி.

“ஆவுடை.”

அந்த நேரம் பாத்துத்தானா அந்தக் காலத்துத் தென்காசி பஸ்ஸு ஆரன் அடிக்கணும்? பாம் பாம்னு ஸ்டாண்டே அதிருது. போறவ திரும்பல. ரோட்டைத் தாண்டி, பிள்ளையைத் தாண்டவச்சு, தெருவுக்குள்ள திரும்பிட்டா.

எங்க ஆவுடை ஓடி வந்து அவரு முன்னால மண்டி போட்டு உக்காந்தா. பூவெல்லாம் சரிஞ்சு தொங்குது. அழல. புருசன் கூப்பிட்டா பதில் சொல்லுத பொண்டாட்டிதான் அங்க இருந்தா.

“என்னங்க”ன்னா. “கூப்பிட்டீகளா? இந்தா, இங்கதான இருக்கேன்.”

அவரு அவளைத் தாண்டி, அந்த ஆவுடை போன ரோட்டையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் பொட்டலத்தைப் பிரிச்சு இட்லியைப் பிட்டாரு.